சாரணியர் கோடை முகாம்கள்

சாரணியர் கோடை முகாம் என்பது, பள்ளி மாணவியர் விடுமுறை நாட்களில் வீட்டை விட்டு வெளியே தங்கி, கூடாரம் அமைத்தல், சமைத்தல், முதலுதவி, வழியறிதல் போன்றவற்றைத் தாமே செய்து பழகும் பயிற்சியாகும். சிலப்பதிகாரத்தில் சமணத் துறவியரைக் குறித்த 'சாரணர்' என்னும் சொல், இன்று இவ்வியக்கத்தின் பெயராக வழங்குகிறது.

தோற்றம்

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவில் பேடன் பவல் சிறுவர்களுக்காக ஒரு முகாம் நடத்தினார். அதிலிருந்து சாரணர் இயக்கம் வளர்ந்தது. சிறுமியரை அவர் அப்போது கருத்தில் கொள்ளவில்லை. 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த சாரணர் பேரணிக்குச் சில சிறுமியர் தாமாகவே சீருடை அணிந்து வந்து, தங்களுக்கும் இடம் வேண்டுமென்று கேட்டனர். அதன் பயனாக 1910இல் சாரணியர் இயக்கம் தொடங்கப்பட்டது. பேடன் பவலின் தங்கை ஆக்னஸ் அதனை வழிநடத்தினார்.

இந்தியாவில்

இந்தியாவின் முதல் சாரணியர் குழு 1911இல் ஜபல்பூரில் அமைந்தது. தொடக்கத்தில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுமியருக்கு மட்டுமே அதில் இடம் இருந்தது. இந்தியச் சிறுமியர் சில ஆண்டுகள் கழித்தே சேர்க்கப்பட்டனர். சிறுவர்களுக்கும் இதே தடை இருந்ததால், 1916இல் அன்னி பெசன்ட், அருண்டேலுடன் சேர்ந்து சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கெனத் தனிச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார்.

1928இல் உலகச் சாரணியர் சங்கம் உருவானபோது இந்தியா அதன் நிறுவன உறுப்பினர்களுள் ஒன்றாக இருந்தது. விடுதலைக்குப் பின், 1950 நவம்பர் 7 அன்று சாரணர் சங்கங்கள் ஒன்றிணைந்தன. 1951இல் சாரணியரும் சேர, 'பாரத சாரண சாரணியர் இயக்கம்' முழுமை பெற்றது. 1966இல் புனேயில் 'சங்கம்' என்னும் உலகச் சாரணியர் மையம் திறக்கப்பட்டது.

முகாம் வாழ்க்கை

முகாமில் மாணவியர் சிறு அணிகளாகப் பிரிக்கப்படுவர். ஒவ்வோர் அணிக்கும் ஒரு மலரின் பெயரும் ஓர் அணித்தலைவியும் உண்டு. காலையில் உடற்பயிற்சி, கொடியேற்றம், கூடாரத் தூய்மை ஆய்வு ஆகியவை நடைபெறும். பிறகு கயிற்று முடிச்சுகள், திசைகாட்டி, முதலுதவி ஆகியவை கற்பிக்கப்படும். கம்புகளைக் கயிற்றால் கட்டிப் பாத்திர அலமாரி, செருப்புத் தாங்கி செய்வர். பாத்திரமின்றித் தணலில் உருளைக்கிழங்கு சுடுவதும் ஒரு பயிற்சி. இரவில் பாசறைத் தீயைச் சுற்றி அமர்ந்து பாடலும் நாடகமும் நிகழ்த்துவர்.

மதுரைச் சமவெளியில் சித்திரை, வைகாசி வெயில் கடுமையானது. எனவே இங்கு வெளிப்பயிற்சிகளை விடியற்காலையிலும் மாலையிலும் வைத்துக்கொண்டு, நண்பகலில் நிழலில் செய்யும் பணிகளைக் கொடுப்பதே ஏற்றது.

கல்லூரி மாணவியர்

பள்ளியை முடித்த பெண்களுக்கும் முகாம் வாய்ப்புகள் உண்டு. தேசிய மாணவர் படையில் பெண்கள் பிரிவு 1949இல் தொடங்கியது. நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24இல் தொடங்கப்பட்டது. இதன் ஏழு நாள் சிறப்பு முகாம் கிராமங்களில் நடைபெறும். மதுரையில் விளாங்குடி போன்ற பகுதிகளுக்கு இதில் தனித் தொடர்பு உண்டு. 1953இல் நிறுவப்பட்ட பாத்திமா மகளிர் கல்லூரி இங்குதான் உள்ளது. பேரூராட்சியாக இருந்த விளாங்குடி 2011இல் மதுரை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது.

தடைகளும் தேவையும்

1909இல் சிறுமியர் எழுப்பிய கேள்வி வேறு வடிவில் இன்றும் தொடர்கிறது. விதிப்படி இடம் உண்டு, ஆனால் "வயதுக்கு வந்த பிள்ளையை இரவில் எப்படி வெளியே அனுப்புவது?" என்ற தயக்கம் பல வீடுகளில் மாறவில்லை. கழிப்பறையும் தண்ணீரும் சரியாக இல்லாத முகாமிலிருந்து முதலில் விலகுவது மாணவியரே. உடன் தங்கும் ஆசிரியை, பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதல், நல்ல கழிப்பறை, மாதவிடாய்க் காலத்துக்கான ஏற்பாடு ஆகிய நான்கும் இருந்தால் பெற்றோரின் தயக்கம் பெருமளவு குறையும்.

2025 தொடக்கத்தில் மணப்பாறையில் நடைபெற்ற வைரவிழா பெருந்திரளணியில் சாரணருடன் சாரணியரும் கூடாரங்களில் தங்கினர். ஆனால் அத்தகைய பெருவிழாவுக்கு எல்லா மாணவியரும் செல்ல முடியாது. பள்ளி வளாகத்திலேயே இரண்டு நாள் முகாம் நடத்தினாலும் போதும். வீட்டுக்கு வெளியே, தன் பொறுப்பில் ஓர் இரவைக் கழிக்கும் முதல் வாய்ப்பு ஒரு மாணவிக்கு அதனால் கிடைக்கும்.