இந்தியாவில் விலங்குவழி நோய்த் தடுப்பும் கால்நடை மருத்துவரின் சட்டப் பொறுப்பும்

விலங்குகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்கள் விலங்குவழி நோய்கள் எனப்படுகின்றன. வெறிநோய் (ரேபிஸ்), அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்), புருசெல்லா நோய், பறவைக் காய்ச்சல் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றுள் பலவற்றை மனிதருக்குப் பரவும் முன்பே காணும் நிலையில் இருப்பவர் கால்நடை மருத்துவர். ஆயினும், மக்களின் உடல்நலத்தைக் காப்பதும் அவர் கடமை என்ற கருத்து இந்தியச் சட்டங்களில் மெதுவாகவே இடம்பெற்றது. தொடக்ககாலச் சட்டங்கள் பெரிதும் காக்க முனைந்தது கால்நடை என்னும் சொத்தையே.

தொடக்ககாலச் சட்டங்கள்

19-ஆம் நூற்றாண்டில் வெக்கை நோய் இந்தியாவில் பெருமளவு மாடுகளைக் கொன்றது. சென்னை மாகாணத்தில் 1866-இல் கால்நடை நோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. கால்நடைக் கொள்ளைநோய்களை ஆராய அமைக்கப்பட்ட ஆணையம் 1871-இல் தன் அறிக்கையை அளித்தது. வெக்கை நோய் மனிதரைத் தொற்றுவதில்லை. ஆகவே இம்முயற்சிகளின் அக்கறை உழவு மாடுகளின் இழப்பைப் பற்றியதாகவே இருந்தது.

1899-ஆம் ஆண்டின் கிளான்டர்ஸ், ஃபார்சி சட்டம் இதிலிருந்து வேறுபட்டது. குதிரை, கழுதை, கோவேறு கழுதை ஆகியவற்றைத் தாக்கும் கிளான்டர்ஸ், அவற்றைப் பராமரிப்போருக்கும் தொற்றி உயிரைப் பறிக்கக்கூடியது. நோயுற்ற குதிரையின் உரிமையாளர் அதை ஆய்வாளரிடம் உடனே தெரிவிக்க வேண்டும் என்றது இச்சட்டம். ஐயத்துக்குரிய விலங்கை ஆய்வாளர் கைப்பற்றலாம். கால்நடை மருத்துவர் அதைச் சோதித்து நோயை உறுதி செய்தால் விலங்கு அழிக்கப்படும். ஒரு மருத்துவரின் முடிவு மற்றொருவரின் சொத்தை அழிக்கப் போதுமானதாயிற்று. எனினும், குதிரை அன்று படைக்கும் போக்குவரத்துக்கும் இன்றியமையாதது என்பதால், மனிதருக்குக் கிடைத்த பாதுகாப்பு குதிரைகளின் பாதுகாப்போடு சேர்ந்து வந்த பயனாகவே அமைந்தது.

கல்வியும் பதிவும்

சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கப்பட்டது. 1936-இல் அது சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டுப் பட்டப்படிப்பை வழங்கலாயிற்று. விடுதலைக்குப் பின் அரசியலமைப்பு, கால்நடை நோய்த் தடுப்பையும் கால்நடை மருத்துவத் தொழிலையும் மாநிலப் பட்டியலில் வைத்தது. ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுநோய் பரவுவதைத் தடுப்பது பொதுப் பட்டியலில் இடம்பெற்றது.

தொழில் மாநிலங்களுக்கு உரியது என்பதால், 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் சில மாநிலங்களின் தீர்மானங்களின் அடிப்படையில் இயற்றப்பட்டு, பிற மாநிலங்கள் ஏற்கும்போது அங்கும் விரிவடையும் வகையில் அமைந்தது. இச்சட்டப்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவரே விலங்குகளுக்கான நலச் சான்றிதழில் கையொப்பமிட முடியும். நீதிமன்றத்தில் கால்நடை மருத்துவ வல்லுநராகச் சாட்சியம் அளிக்கும் தகுதியும் அவருக்கே உண்டு. அவருடைய கையொப்பம் இதனால் சட்ட மதிப்புப் பெற்றது. தவறான சான்று தொழில் ஒழுங்குமீறலாகவும் ஆயிற்று.

இறைச்சிக் கூடத்தில்

2001-ஆம் ஆண்டின் இறைச்சிக் கூட விதிகள், விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வெளிவந்தவை. விலங்கை அறுப்பதற்கு முன் கால்நடை மருத்துவர் அதைச் சோதித்துத் தகுதிச் சான்று தர வேண்டும். ஒரு மருத்துவர் மணிக்கு 12 விலங்குகளுக்கு மேலும், நாளொன்றுக்கு 96 விலங்குகளுக்கு மேலும் சோதிக்கக் கூடாது என்று விதி வரம்பிட்டது. சோதனை பெயரளவுக்கு நடந்தால் நோயுற்ற விலங்கு கண்டறியப்படாமலே உணவாகும் என்பதால், இந்த வரம்பு உண்பவருக்கும் பாதுகாப்பாகும்.

2009-ஆம் ஆண்டுச் சட்டம்

2006 பிப்ரவரியில் மகாராட்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்து நவாபூரில் இந்தியாவின் முதல் எச்5என்1 பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. நோயைக் கட்டுப்படுத்த இலட்சக்கணக்கான கோழிகள் அழிக்கப்பட்டன. 2009-இல் விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் நாடு முழுவதற்குமாக நிறைவேற்றப்பட்டது. 1899-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியதும் இதுவே.

இதன் 4-ஆம் பிரிவு ஓர் அறிவிப்புச் சங்கிலியை அமைக்கிறது. விலங்கின் உரிமையாளர் நோயைக் கிராம அலுவலரிடமோ ஊராட்சியிடமோ தெரிவிக்க வேண்டும். அங்கிருந்து செய்தி அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்குச் செல்லும். அட்டவணையில் உள்ள நோய் இருப்பதாக நம்பக் காரணம் இருந்தால், மருத்துவர் அதைக் கால்நடை அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். அரசுப் பணியில் இருப்பவர் என்றில்லாமல், தகுதி பெற்ற எல்லாக் கால்நடை மருத்துவரையும் இக்கடமை கட்டுப்படுத்துகிறது. 25-ஆம் பிரிவு, மனிதருக்குத் தொற்றும் நோயாயின் மக்கள் உடல்நலத்தைக் காக்க விலங்கைக் கருணைக்கொலை செய்ய எழுத்துவழி ஆணையிடும் அதிகாரத்தைக் கால்நடை அதிகாரிக்கு அளித்தது. முறையின்றித் தடுப்பூசிச் சான்று வழங்குவோருக்கு அபராதம் விதிக்கப்பட்டது.

அறிவிப்பு தாமதித்தால் என்ன நேரும் என்பதற்கு அடைப்பான் நோய் சான்று. இந்நோயால் இறந்த மாட்டை அறுத்தால் கிருமிகள் காற்றுபட்டு வித்துகளாக மாறி, மண்ணில் பல ஆண்டுகள் உயிர்த்திருக்கும். தோலை உரிப்பவர், இறைச்சியைக் கையாளுபவர், அதை உண்பவர் எனப் பலரையும் நோய் தாக்கலாம். எனவே ஐயம் எழுந்தவுடன் சடலத்தை அறுக்கவிடாமல் ஆழமாகப் புதைக்கச் செய்வதே மருத்துவரின் முதற்பணி.

எஞ்சும் சிக்கல்கள்

4-ஆம் பிரிவின் அறிவிப்பு கால்நடைத் துறைக்குள்ளேயே மேலே செல்கிறது. மனிதருக்கான பொதுச் சுகாதாரம் தனித் துறையின் பொறுப்பில் உள்ளது. இரு துறைகளும் செய்தியை உடனுக்குடன் பகிர்ந்துகொள்ளாவிட்டால், மாட்டில் கண்டறியப்பட்ட நோய் அதை வளர்க்கும் குடும்பத்துக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவருக்குத் தெரியாமற் போகலாம்.

மற்றொரு சிக்கல் உரிமையாளரின் அச்சம். நோயை அறிவித்தால் தன் விலங்கு கொல்லப்படும் என்று அஞ்சுபவர் அதை மறைக்கவோ விற்றுவிடவோ கூடும். சட்டத்தை மீறும் முதல் குற்றத்துக்கு 2009-இல் வகுக்கப்பட்ட அபராதம் 1,000 ரூபாய்வரையே. ஒரு கறவை மாட்டின் விலையோ அதைப் பன்மடங்கு மிஞ்சும். பறவைக் காய்ச்சலின்போது அழிக்கப்படும் கோழிகளுக்கு மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்து இழப்பீடு வழங்குவது இதனால்தான் நோய்த் தடுப்பின் ஒரு பகுதியாகிறது. மருத்துவரின் சட்டக் கடமை உரிமையாளர் தரும் செய்தியிலிருந்தே தொடங்குகிறது. அச்செய்தி வராதபோது, அவருக்கு அளிக்கப்பட்ட அதிகாரங்கள் பெரும்பாலும் காலம் கடந்தே பயன்படுகின்றன.