முட்டைக் காசும் தலைமைப் பொறுப்பும்: ஜெர்மன் கிராமப் பெண்கள் சங்கங்களின் வளர்ச்சி, 1898–1995

ஜெர்மனியின் ஹாலே நகரம் என்றதும் தமிழாய்வாளர்களுக்கு பிராங்கே நிறுவனம்தான் நினைவுக்கு வரும். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மறைப்பணியாளர் சீகன்பால்கும் அவருக்குப் பின் வந்தவர்களும் அனுப்பிய கடிதங்கள், ஓலைச்சுவடிகள் பலவும் அங்கே காக்கப்படுகின்றன. அந்த நகரத்தில்தான் 1943 மே 30ஆம் நாள், தம் 83ஆம் வயதில், எலிசபெத் போம் காலமானார். ஜெர்மனியின் கிராமப் பெண்கள் சங்க இயக்கத்தைத் தொடங்கியவர் அவர். மகளிர் குழுக்களைப் பற்றி இவ்வளவு எழுதும் நாம் அவரை அறிந்துகொள்வது அவசியம். சம்பளமில்லாமல் ஊர்வேலை செய்யும் பெண்ணுக்குத் தலைமை எங்கிருந்து வருகிறது, அதற்கு அவள் கொடுக்கும் நேரம் யாருடைய நேரம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அவர் தொடங்கிய சங்கத்தின் கதையில் விடை தேடலாம்.

முதலில் சட்டம். பிரஷ்ய அரசு 1808இல் கொண்டுவந்த நகராட்சிச் சட்டம், ஊதியமில்லாத பொதுப் பொறுப்புகளை ஏற்பதைக் குடிமக்களின் கடமையாக்கியது. ஏற்கும் உரிமை ஆண்களுக்கு மட்டுமே இருந்தது. 1850ஆம் ஆண்டின் சங்கச் சட்டம் பெண்கள் அரசியல் சங்கங்களில் சேருவதையே தடை செய்தது. அந்தத் தடை 1908இல்தான் நீங்கியது. 1900இல் நடைமுறைக்கு வந்த உரிமையியல் சட்டத் தொகுப்பு மனைவியின் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரத்தைக் கணவனுக்குக் கொடுத்தது. இந்த வேலிகளுக்குள் ஒரு பெண் சங்கம் தொடங்க வேண்டுமானால் வீட்டையும் தொழிலையும் பற்றியதாகத்தான் தொடங்க முடியும். எலிசபெத் போம் அந்த வழியில்தான் நடந்தார்.

அவர் கிழக்குப் பிரஷ்யாவின் ராஸ்டன்பர்க்கில் 1859இல் நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்தவர். திருமணத்துக்குப் பின் அருகிலிருந்த லாம்கார்பன் பண்ணையில் வாழ்ந்தார். ராஸ்டன்பர்க் இன்று போலந்தில் கென்ட்ஷின் என்ற பெயரில் இருக்கிறது. பண்ணையில் கோதுமையும் காடும் ஆண்களின் பொறுப்பு. கோழி, பால், வெண்ணெய், காய்கறித் தோட்டம், வேலையாட்களின் சாப்பாடு எல்லாம் பெண்களின் தலையில். இந்த வேலைக்குப் பெயரும் கிடையாது, கணக்கும் கிடையாது. உபரி முட்டை வீட்டிலே கிடக்க, பக்கத்து நகரத்துக் குடும்பங்களோ நல்ல முட்டைக்கு அலைந்தன. 1898 பிப்ரவரி 2ஆம் நாள் ராஸ்டன்பர்க்கில், விரல்விட்டு எண்ணக்கூடிய பெண்களோடு முதல் வேளாண் இல்லத்தரசிகள் சங்கத்தை அவர் தொடங்கினார். இல்லத்தரசியின் வேலையும் ஒரு தொழில், அதற்குப் படிப்பு வேண்டும், மரியாதை வேண்டும் என்பது அவருடைய கட்சி.

சங்கத்தின் உயிர் அதன் விற்பனை நிலையத்தில் இருந்தது. வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் சொற்பொழிவுகளையும் மாநாடுகளையும் பற்றியே எழுதுகிறார்கள். என் கண்ணோ அந்த விற்பனை மேசைமீதுதான் போகிறது. பல பண்ணைகளின் முட்டையும் வெண்ணெயும் கோழியும் ஓரிடத்துக்கு வந்து சேர வேண்டும். யாருடைய கூடையில் எத்தனை என்று எழுத வேண்டும். பழையதையும் அழுக்கானதையும் தனியே ஒதுக்க வேண்டும். விலை சொல்ல வேண்டும். வந்த பணத்தைப் பிரித்து, சங்கச் செலவுக்கு ஒரு பங்கு நிறுத்திக்கொள்ள வேண்டும். தன்னைவிட வசதியான வீட்டுப் பெண் கொண்டுவந்த முட்டையை “இது ஆகாது” என்று திருப்பிக் கொடுக்க ஒரு துணிச்சல் வேண்டும். அதற்குப் பிறகும் அவளோடு முகம் முறியாமல் அடுத்த கூட்டத்தில் உட்கார இன்னொரு பக்குவம் வேண்டும். இந்த இயக்கத்தில் தலைமைப் பயிற்சி இப்படித்தான் நடந்தது என்பது என் முடிவு. அரசியல் பேசச் சட்டம் இடம் தராத காலத்தில் கணக்குப் பார்க்கவும், வாக்கெடுக்கவும், கூட்டம் நடத்தவும் பெண்கள் பழகிவிட்டார்கள். 1919 ஜனவரியில் முதன்முறையாக வாக்குச்சாவடிக்குப் போனபோது, தேர்தல் என்பது இந்தச் சங்கத்தாருக்குப் புதிய காரியமாக இருந்திருக்காது.

படிப்பின் பக்கம் இதே காலத்தில் வேறொரு முயற்சியும் நடந்தது. ஈடா ஃபான் கோர்ட்ஸ்பிளைஷ் 1897இல் கிராமப் பெண்களுக்கான பொருளாதாரப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் அந்தப் பள்ளிகளுக்கே பெயர் தந்த ரைஃபன்ஸ்டைன், ஹாலே சேர்ந்திருந்த அதே பிரஷ்ய சாக்சனி மாகாணத்தில் இருந்தது.

முதல் உலகப் போர் சங்கங்களைப் பெருக்கியது. உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்தில், 1916இல், அவை நாடு தழுவிய கூட்டமைப்பாக இணைந்தன. ஆனால் இந்த வளர்ச்சியைப் புகழ்ந்து மட்டும் எழுத மனம் ஒப்பவில்லை. தலைமையில் இருந்தவர்கள் பெரும்பாலும் பெரும் பண்ணைக்காரிகள். அவர்கள் கூட்டத்துக்குப் போன பகலில் அவர்கள் வீட்டு அடுப்பைப் பார்த்தவள் பணிப்பெண். கோழிக்குத் தீனி போட்டவள் கூலிக்காரி. அந்தப் பெண்களுக்குச் சங்கத்தில் இடமில்லை. தலைவியின் இலவச நேரம் இன்னொருத்தியின் உழைப்பால் வாங்கப்பட்டது. கூட்டமைப்பின் தேசியவாதச் சார்பும் வலுவானது. நாஜி ஆட்சி 1934இல் அதைத் தன் வேளாண் அமைப்புக்குள் இழுத்துக்கொண்டது. அதோடு பெண்கள் தாங்களே கூடி, தாங்களே தலைவியைத் தேர்ந்த காலம் முடிந்தது. எலிசபெத் போம் மறைந்தபோது அவர் கட்டிய அமைப்பு தனித்து இயங்கவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கதை இரண்டாகப் பிரிகிறது. மேற்கில் 1948இல் ஜெர்மன் கிராமப் பெண்கள் சங்கம் மீண்டும் உருவானது. மரீ-லூயிஸ் லாய்ட்ரும் முதல் தலைவரானார். கிழக்கில், ஹாலே இருந்த பகுதியில், அதற்கு இடமிருக்கவில்லை. 1947இல் தொடங்கிய ஜனநாயகப் பெண்கள் கழகம் ஆளும் கட்சியின் நிழலில் இயங்கியது. 1952இல் தொடங்கிய கூட்டுப்பண்ணைகள் 1960க்குள் விளைநிலத்தின் மிகப் பெரும் பகுதியை உள்ளடக்கின. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கூட்டுப்பண்ணையில் வேலை செய்த பெண்ணுக்குத் தன் பெயரில் வருமானம் இருந்தது. மேற்கின் விவசாயி மனைவியோ, வாழ்நாளெல்லாம் மாட்டுத்தொழுவத்தில் உழைத்தும், கணக்கில் ‘உதவி செய்யும் குடும்ப உறுப்பினர்’தான். அவளுக்கென்று தனி ஓய்வூதியக் காப்பீடு 1995 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்காக ஆண்டுக்கணக்கில் மன்றாடியது கிராமப் பெண்கள் சங்கம். மேற்கில் சங்கம் இருந்தது, பணம் இல்லை. கிழக்கில் பணம் இருந்தது, சுதந்திரமான சங்கம் இல்லை. 1990க்குப் பிறகு ஹாலேயைச் சுற்றிய சாக்சனி-அன்ஹால்ட் கிராமங்களில் சங்கங்கள் அடிமட்டத்திலிருந்து தொடங்கப்பட வேண்டியிருந்ததற்கு இதுவே காரணம். இன்று நாடு முழுவதும் சுமார் 12,000 ஊர்ச் சங்கங்களில் ஏறத்தாழ 4,50,000 பெண்கள் இருக்கிறார்கள்.

இந்த விதை ஜெர்மனியில் மட்டும் முளைக்கவில்லை. ராஸ்டன்பர்க்குக்கு ஓராண்டு முன்பே, 1897இல், கனடாவின் ஸ்டோனி கிரீக்கில் அடிலெய்ட் ஹூட்லெஸ் முன்முயற்சியில் முதல் மகளிர் மன்றம் எழுந்தது. அதன் கிளை நம் பக்கத்திலும் படர்ந்தது. கனடாவில் பிறந்து, தமிழரான கனக ரத்னத்தை மணந்து இலங்கையில் மருத்துவராகப் பணியாற்றிய மேரி ரத்னம், அந்த மாதிரியைப் பின்பற்றி 1930இல் லங்கா மகிளா சமிதியைத் தொடங்கினார். அந்நாட்டுச் சிற்றூர்களில் பெண்கள் தாங்களே கூட்டம் நடத்திய மரபு அதிலிருந்து வளர்ந்தது. 1958இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது.

தமிழ்நாட்டில் 1983இல் மகளிர் மேம்பாட்டு நிறுவனம் அமைந்தது. 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. 12 முதல் 20 பேர், ஒரு சேமிப்புக் கணக்கு, ஒரு தீர்மானப் புத்தகம், ஊக்குநர் ஒருவர், பிரதிநிதிகள் இருவர். ராஸ்டன்பர்க்கின் முட்டைக் காசு செய்த வேலையைத்தான் இங்கே சேமிப்புப் பணம் செய்தது. பணத்தைச் சுற்றிக் கூட்டம் கூடியது. கூட்டத்திலிருந்து குரல் வந்தது. குழுவில் பேசிப் பழகியவர்களில் பலர் ஊராட்சித் தேர்தலில் நின்றார்கள்.

பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. பிரஷ்யத் தலைவிக்கு வேலைக்காரி இருந்தாள். நம் ஊக்குநர் தானே கூலிக்காரி. வங்கியில் கடன் படிவம் கொடுக்கப் போகும் நாளில் அவருக்கு நூறு நாள் வேலையும் போகிறது, களையெடுப்பும் போகிறது, பேருந்துக் காசும் கைக்காசு. படிக்காத உறுப்பினர்களுக்காக இரவில் தீர்மானப் புத்தகம் எழுதுபவரும் அவரே. தலைமையைச் சுழற்சி முறையில் மாற்ற வேண்டும் என்ற விதி பல குழுக்களில் நடப்பதில்லை. அதைப் பதவி ஆசை என்று சொல்லிவிடுவது எளிது. அடுத்தவர் ஏற்கத் தயங்குவது அந்த ஒரு நாள் கூலியை இழக்க முடியாமல்தான் என்பதை ஆய்வாளர்கள் தனியாக அளந்து பார்க்க வேண்டும். ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகள் தங்கள் வட்டி வருவாயிலிருந்து இந்தக் கூலி இழப்பை ஈடுகட்ட ஒரு படியை ஒதுக்கி, எல்லா உறுப்பினர்கள் முன்னிலையிலும் தீர்மானமாக எழுதிக்கொள்ள வேண்டும். அந்தத் தொகை எவ்வளவு என்பதை முடிவு செய்யும் கூட்டத்தில் ஊக்குநர் பதவிக்கு இதுவரை வராத பெண்களின் பேச்சை முதலில் கேட்க வேண்டும்.