கோச்சி வெளிக்கிட்டுட்டா?



போன கிழமை நாங்கள் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "அந்தப் பெட்டிக்குள்ள என்னதான் இருக்கு சேர்?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். பெட்டிக்குள் இருப்பதைச் சொல்ல அதிக நேரம் எடுக்காது. ஒரு ஈஎஸ்பி32 சில்லு, சிவப்புப் புள்ளி எல்ஈடி பலகைகள், கரண்ட் போனாலும் நேரத்தை மறக்காத சின்ன மணிக்கூட்டுச் சில்லு ஒன்று. தரம் 10 பிள்ளைகள் இரண்டு சனிக்கிழமையில் பொருத்தி முடித்துவிட்டார்கள். தமிழ் எழுத்துத்தான் எங்களைப் படுத்தியது. எட்டுப் புள்ளி உயரத்துக்குள் 'ஏறாவூர்' அடங்கவே இல்லை. கடைசியில் பலகைகளை இரண்டு வரிசையாக அடுக்கி, பதினாறு புள்ளி உயரத்தில் எழுதினோம்.

பெட்டிக்கு வெளியே இருக்கும் கதைதான் நீளம்.

நம் பள்ளிவாசல் சுவரிலும் இப்படிச் சிவப்பு எழுத்தில் தொழுகை நேரம் ஓடுகிறது. "அதை மாதிரித்தானே இதுவும்?" என்றார் ஒரு பெரியவர். நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் சூரியன் பிந்துவதில்லை. ஊரின் அகலக்கோடும் நெடுங்கோடும் திகதியும் தெரிந்தால், வருகிற வருடத்து மஃரிபைக்கூட இன்றே கணக்கிட்டு வைக்கலாம். கோச்சிக்கு அந்தக் கணக்கு உதவாது. அது எங்கே நிற்கிறது என்று யாராவது சொன்னால்தான் உண்டு.

இந்த "யாராவது சொல்ல வேண்டும்" என்ற நிலை வாவிக்கரைக்கு எப்போது வந்தது? 1924இல் கல்லடிப் பாலம் திறக்கும்வரை, காத்தான்குடிப் பக்கத்துச் சனம் பட்டணம் போக வாவியைக் கடந்தாக வேண்டும். மண்முனைத் துறையில் 2014இல் பாலம் வரும்வரை 'பாதை'யில்தான் கடந்தோம். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் போன எல்லோருக்கும் பாதையில் ஏறிய அனுபவம் இருக்கும். துறையில் காத்திருப்பது அலுப்புத்தான். ஆனாலும் பாதை அக்கரையில் நிற்பதும், ஆட்கள் ஏறுவதும், அது இந்தப் பக்கம் திரும்புவதும் கண்ணுக்கு முன்னாலேயே நடக்கும். வாவியே அறிவித்தல் பலகை. நேர அட்டவணை யாருக்குத் தேவை?

1928இல் மட்டக்களப்புக்கு ரயில் வந்ததும் அது மாறிப்போனது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காக நம் சனம் வரிசையில் நிற்கத் தொடங்கியது அப்போதிருந்துதான் என்பது எங்கள் எண்ணம்.

கண்ணுக்குத் தெரியாததை அறிய ரயில்காரர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்தால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்தில் தோர்ப் என்ற இடத்தில் 1874இல் நடந்த விபத்து காட்டியது. அதற்குப் பின் எட்வர்ட் டயர் என்பவர் 1878இல் 'டேப்ளட்' கருவியைச் செய்தார். அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் மணியடித்துச் சம்மதம் தந்தால்தான் இங்குள்ள பெட்டி ஓர் உலோக வில்லையை வெளியே விடும். அந்த வில்லை கையில் இல்லாமல் டிரைவர் புறப்படக்கூடாது. மலைநாட்டுப் பாதையில் பிரம்பு வளையத்தில் அதைக் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ரயில் முந்திய ஸ்டேஷனை விட்டதா இல்லையா என்பது ஸ்டேஷன் மாஸ்டருக்கு அந்தக் கணமே தெரியும். ஆக, நேரடித் தகவல் பழைய சாமான்தான். அது அறைக்குள் இருந்தது, அவ்வளவுதான். நாம் ஜன்னலில் தலையை நீட்டி, "கோச்சி வெளிக்கிட்டுட்டா ஐயா?" என்று கேட்போம்.

1958இல் பஸ்கள் இலங்கைப் போக்குவரத்துச் சபையிடம் போன பின்பும் கதை இதுதான். விஷயம் தெரிந்தவர் டைம் கீப்பர். அவர் தேத்தண்ணி குடிக்கப் போனால் பஸ் ஸ்டாண்டே இருட்டு.

பிறகு போர்க்காலம். அந்த வருடங்களில் பஸ் எத்தனை மணிக்கு என்று யாரும் கேட்கவில்லை, பாதை திறந்திருக்கா என்றுதான் கேட்டார்கள். சில ஊர்களைக் கடந்து போகத் தமிழருக்கும் பயம், முஸ்லிம்களுக்கும் பயம். கோச்சி பல வருடங்கள் மட்டக்களப்புப் பக்கமே வரவில்லை. 2002 போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகுதான் திரும்பி வந்தது.

வெளியுலகம் இதற்கிடையில் அந்த ஜன்னலைப் பெரிதாக்கிக்கொண்டே போனது. 1956இல் பெல்ஜியத்தின் லியேஜ் நிலையத்தில் இத்தாலியின் சொலாரி நிறுவனம் சடசடவென்று தகடு புரளும் பலகையை வைத்தது. 2005இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து நேர அட்டவணையைக் கணினிக்குப் புரியும் ஒரே வடிவத்தில் எழுதின. வண்டி இப்போது எங்கே என்று சொல்லும் பகுதி 2011இல் வந்தது. அங்கெல்லாம் அந்தத் தரவைப் பொதுமக்கள் எடுக்கலாம். அதனால்தான் அங்குள்ளவர்கள் வீட்டு வாசலில் இப்படிப் பெட்டி செய்து மாட்டுகிறார்கள்.

எங்கள் பெட்டிக்குள் ஊற்ற அப்படியொரு தரவு கிடைக்கவில்லை. முதல் கிழமை அச்சிட்ட நேர அட்டவணையைப் போட்டோம். மூன்றாம் நாள் கோச்சி பிந்தியது. எங்கள் பலகையோ அது போய்விட்டதாகக் காட்டியது. கொழும்பில் கிளினிக் இருந்த ஒரு உம்மா அதை நம்பித் திரும்பிப் போய்விட்டார். பிழை ரயிலில் இல்லை, எங்களில்தான்.

அன்று வகுப்பில் பெரிய வாக்குவாதம். முடிவு இது: தகவல் வராவிட்டால் பலகை 'தகவல் இல்லை' என்றே காட்டும். அட்டவணை நேரம் கீழ் வரிசையில், 'அட்டவணைப்படி' என்ற சொல்லோடு.

கல்வியியற் கல்லூரியில் எங்களோடு படித்த தமிழ் நண்பர் ஒருவர் வாழைச்சேனையில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார். மட்டக்களப்பு நோக்கிப் போகும் கோச்சி அவர் வீட்டைக் கடந்ததும் போனில் ஒரு பொத்தானை அமத்துவார். அந்த ஓட்ட நேரத்தை இரண்டு கிழமை குறித்துப் பிள்ளைகள் சராசரி எடுத்தார்கள். இப்போது பலகை ஓரிரு நிமிட வித்தியாசத்தில் சொல்கிறது. அவர் வீட்டில் இல்லாத நாள், 'தகவல் இல்லை'.

இது வரும் கோச்சிக்கு மட்டும்தான். கொழும்புக்குப் போகும் கோச்சிக்கு மட்டக்களப்பு ஸ்டேஷன் பக்கம் எங்களுக்கு ஒருவர் வேண்டும். காலையில் அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவராக இருந்தால் நல்லது. தெரிந்தவர்கள் இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.