தையல் மிஷின் கம்பெனி செய்த துப்பாக்கி

சிங்கர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது தையல் மிஷின். அமெரிக்காவில் துப்பாக்கி சேகரிப்பவரிடம் கேட்டால் வேறு பதில் சொல்வார். இரண்டாம் உலகப்போரை ஒட்டி அந்தக் கம்பெனி 500 கைத்துப்பாக்கிகள் மட்டும் செய்துகொடுத்தது. எம்1911ஏ1 ரகம். அதே துப்பாக்கியை டைப்ரைட்டர் செய்த ரெமிங்டன் ராண்டும், ரயில்வே சிக்னல் செய்த யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னலும் செய்தன. வீட்டுக்கும் ஆபீசுக்கும் பொருள் செய்த பட்டறைகள் எவ்வளவு சுலபமாகப் போருக்கு மாறின பாருங்கள்!

1911இல் அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட இந்த ரகத்தின் இடத்துக்கு 1985இல் பெரெட்டா வந்தது. மிச்சமானவை அலபாமாவின் அனிஸ்டன் கிடங்கில் தூங்கின. 2018இல் அவற்றைப் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கினார்கள். தரத்தைப் பொறுத்து விலை 850 முதல் 1,050 டாலர். சுமார் 19,000 பேர் விண்ணப்பிக்க, குலுக்கல் முறையில் வரிசை எண் கொடுத்தார்கள். உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் சிறையும் பிரம்படியும் கிடைக்கும் மலேசியாவிலிருந்து பார்க்க, இது வேற உலகம்தான்.

சேகரிப்பாளர்களை நான் கிண்டல் செய்யவில்லை. வரிசை எண், சோதகரின் முத்திரை, பூச்சின் நிறம் என்று அவர்கள் படிக்கும் விதம் ஒரு வரலாற்று மாணவனுக்கே பாடம். கோல்ட் கம்பெனியின் உடல்மேல் ரெமிங்டன் ராண்டின் மேற்பாகம் இருந்தால், இராணுவப் பட்டறையில் கழற்றி மாட்டியது என்று உடனே சொல்லிவிடுவார்கள்.

ஆனால் அவர்கள் கதையைப் பெரும்பாலும் தொழிற்சாலையில் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. இந்தத் துப்பாக்கியின் .45 அளவு பிறந்த கதை நம் பக்கத்துக் கடலில் இருக்கிறது. பிலிப்பைன்சை அமெரிக்கா பிடித்தபோது, தெற்கே மோரோ முஸ்லிம்கள் எதிர்த்து நின்றார்கள். .38 ரிவால்வர் குண்டு பட்டும் அவர்கள் பாய்ந்து வந்தார்கள் என்று சிப்பாய்கள் புகார் சொன்னார்கள். 1904இல் தாம்ப்சன், லகார்ட் என்ற இரு அதிகாரிகள் உயிருள்ள மாடுகளையும் மனிதப் பிணங்களையும் சுட்டுச் சோதித்து, குறைந்தது .45 வேண்டும் என்றார்கள். இரண்டே வருஷத்தில், 1906இல், சபாவை அடுத்த சூலு தீவுகளில், புட் டாஜோ மலையில் பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கான மோரோக்கள் கொல்லப்பட்டார்கள்.

துப்பாக்கியின் எண்ணை வைத்து அது எந்த வருஷம், எங்கே செய்யப்பட்டது என்று கண்டுபிடித்துவிடலாம். யாரை வீழ்த்துவதற்காக அந்த அளவு முடிவானது என்பதை எண் சொல்லாது. அதைச் சூலுவிலிருந்துதான் வாசிக்க வேண்டும். சபாவுக்கு அடுத்த கடல்தானே, நாமே தொடங்கலாம்.