கல்லூரித் தெருவின் காபி ஹவுஸ்

மாணவனுக்கு ஒரு ஊரில் என்ன வேண்டும்? கையில் இருக்கும் சில்லறைக்குச் சாப்பாடு, கால் நீட்டி உட்கார ஒரு இடம், பேச நாலு பேர். இந்த மூன்றும் ஒரே கூரையின் கீழ் கிடைத்தால் அந்த இடத்தை அவன் விடமாட்டான். கல்கத்தா மாணவர்களுக்கு அப்படிக் கிடைத்ததுதான் காலேஜ் ஸ்ட்ரீட் காபி ஹவுஸ். (2001ல் ஊரின் பெயர் கொல்கத்தா ஆகிவிட்டது. பழைய கதை என்பதால் இங்கே கல்கத்தா என்றே இருக்கட்டும்.)

காலேஜ் ஸ்ட்ரீட் என்ற பெயர் சும்மா வந்ததல்ல. 1817ல் இந்து கல்லூரியாகத் தொடங்கிய பிரசிடென்சி, சமஸ்கிருதக் கல்லூரி, 1835ல் வந்த மருத்துவக் கல்லூரி, 1857ல் வந்த கல்கத்தா பல்கலைக்கழகம் எல்லாம் நடக்கும் தூரத்தில்தான். தெரு முழுக்கப் புத்தகக் கடைகள், பழைய புத்தகங்கள் அடுக்கிய பெட்டிக் கடைகள். நடுவில் கோல்திகி என்று அழைக்கப்படும் குளம். படிப்பவன் சாப்பிடாமல் இருப்பானா? 1918ல் தொடங்கிய பாரமவுண்ட் என்ற சர்பத் கடை இன்னும் இருக்கிறது. அதன் இளநீர் சர்பத்துக்குப் பக்குவம் சொல்லிக் கொடுத்தவர் வேதியியல் அறிஞர் பிரபுல்ல சந்திர ராய் என்பார்கள். சர்பத்துக்கும் ஒரு ஃபார்முலா!

ஆனால் சர்பத் குடித்துவிட்டு மூன்று மணி நேரம் உட்கார முடியாது. காபி ஹவுஸில் முடியும்.

டீ குடிக்கும் வங்காளத்தில் காபிக் கடை எப்படி வந்தது என்பதே சுவையான கதை. காபி விளைவது குடகு, சிக்மகளூர், நீலகிரி என்று நம் தெற்குப் பக்கத்தில். இரண்டாம் உலகப்போர் வந்ததும் ஐரோப்பியச் சந்தை மூடிக்கொண்டது. மூட்டை மூட்டையாகத் தேங்கிய கொட்டையை உள்நாட்டிலேயே விற்றாக வேண்டும். அதற்கு முதலில் மக்களுக்குக் காபிப் பழக்கம் வரவேண்டும். 1930களிலேயே இந்த எண்ணத்தில் பம்பாயில் காபி ஹவுஸ் தொடங்கியிருந்தார்கள். அந்த வரிசையில்தான் 1942ல் கல்கத்தாவின் ஆல்பர்ட் ஹாலுக்குள் காபி நுழைந்தது. அதாவது, பிற்காலத்தில் கவிதையும் புரட்சியும் பேசப்பட்ட இடம், விற்காத சரக்கைத் தள்ளிவிடத் திறந்த கடை.

ஆல்பர்ட் ஹால் அதற்கு முன்பும் சாதாரண இடமல்ல. 1876 ஜூலை 26 அன்று சுரேந்திரநாத் பானர்ஜியும் ஆனந்த மோகன் போஸும் இந்தியச் சங்கத்தைத் தொடங்கிய கூட்டம் இங்கேதான் நடந்தது. காங்கிரஸ் பிறக்க இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன. அன்று பகலில் சுரேந்திரநாத்தின் மகன் இறந்துபோனான். அந்தத் துக்கத்தோடுதான் மாலையில் அவர் கூட்டத்துக்கு வந்தார்.

இனி காபி ஹவுஸுக்குள் போவோம். மாடிப்படி ஏறினால் உயரமான கூரை போட்ட பெரிய கூடம், மேலே சுற்றிலும் பால்கனி. வெள்ளைச் சீருடையும் விசிறி மடிப்புத் தலைப்பாகையுமாகப் பரிமாறுபவர்கள். ரொம்ப நாள் வரை கூடம் முழுக்கச் சிகரெட் புகைதான். 2008ல்தான் பொது இடங்களில் புகைக்க நாடெங்கும் தடை வந்தது. பால் கலக்காத காபிக்கு அங்கே 'இன்ஃப்யூஷன்' என்று பெயர். காசு குறைந்த மாணவன் அதில் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு சாயங்காலத்தை ஓட்டிவிடுவான். வங்காளிகள் இதை 'அட்டா' என்கிறார்கள். வெட்டிப் பேச்சு என்று மொழிபெயர்த்தால் கோபித்துக் கொள்வார்கள், ஏனென்றால் அந்தப் பேச்சிலிருந்துதான் பத்திரிகைகள் பிறந்தன. 1953ல் சுனில் கங்கோபாத்யாயும் நண்பர்களும் தொடங்கிய 'கிருத்திபாஸ்' கவிதை இதழைச் சேர்ந்த இளைஞர்களுக்கு இந்த மேசைகள் வீடு மாதிரி. அமர்த்தியா சென், மிருணாள் சென், ரித்விக் கட்டக் என்று இங்கே வந்து போனவர்களின் பட்டியல் நீளம்.

யோசித்துப் பார்த்தால் இது வியாபாரத்துக்கு ஆகாத ஏற்பாடு. ஒரு கப் காபிக்கு ஒரு நாற்காலி மூன்று மணி நேரம் போனால் எந்த முதலாளி தாங்குவார்? 1950களின் நடுவில் காபி வாரியமும் காபி ஹவுஸ்களை மூட முடிவு செய்தது. தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்களுக்காக நின்றவர் கேரளத்துக் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன். கடையை மூடுவானேன், தொழிலாளர்களே நடத்தட்டும் என்பது அவர் யோசனை. 1957ல் பெங்களூரிலும் டெல்லியிலும், 1958ல் திருச்சூரிலும் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாயின. காபி பரிமாறியவரே கடைக்குப் பங்குதாரர் ஆனார்.

கல்கத்தாவிலும் 1958ல் கதவு சாத்தப்பட்டது. அப்போதுதான் வாடிக்கையாளர்கள் யார் என்பது தெரிந்தது. பிரசிடென்சி, பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அவசர அவசரமாக அரசுக்கு மனு கொடுத்தார்கள். அதே ஆண்டில் கடை திரும்பத் திறந்தது. பாடம் நடத்துகிறவர்கள், தங்கள் மாணவர்கள் வகுப்பைக் கட் அடித்துவிட்டுப் போகும் கடைக்காக மனு எழுதியது உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்குமா என்ன! அவர்களும் மாணவராக இருந்தபோது கட் அடித்தவர்கள்தானே. பிறகு இதையும் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கமே நடத்தத் தொடங்கியது.

பேச்சு எப்போதும் கவிதையோடு நிற்கவில்லை. 1967ல் நக்சல்பாரி வெடித்தபோது பிரசிடென்சி மாணவர்கள் பலர் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். காபி ஹவுஸ் மேசைகளில் விவாதம் சூடானது. அடுத்த சில ஆண்டுகளில் அந்தத் தலைமுறையில் பலர் சிறைக்குப் போனார்கள், சிலர் உயிரோடு திரும்பவில்லை. பழைய கதை பேசுகிறவர்கள் இந்தப் பகுதியைச் சீக்கிரம் தாண்டிவிடுவதுண்டு.

1983ல் மன்னா டே ஒரு பாட்டுப் பாடினார். காபி ஹவுஸில் கூடிய ஏழு நண்பர்களைப் பற்றியது. ஒருவர் பாரிஸில், ஒருவர் டாக்காவில், ஒருவர் இறந்துபோனார். அந்தப் பழைய அட்டா இனி இல்லை என்று வருந்தும் பாட்டு. வங்காளத்தில் அதைக் கேட்காதவர் அரிது. பாட்டைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளே பிறகு அந்த மாடிப்படி ஏறி, மேசை காலியாகுமா என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள்.