குனா பிரசவப் பாட்டு: காணாமல்போன ஒரு பெண்ணைத் தேடி

மானுடவியல் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி மனப்பாடம். பனாமாவின் கரீபியக் கரையை ஒட்டிய சின்னச் சின்னத் தீவுகளில் குனா மக்கள் வாழ்கிறார்கள். அங்கே ஒரு பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலாகிவிடுகிறது. மருத்துவச்சி, ஆவிகளோடு பேசும் மருத்துவரான ஷாமனை அழைத்து வருகிறாள். அவர் துணி ஊஞ்சலில் கிடக்கும் பெண்ணைத் தொடுவதில்லை. கொக்கோ விதைகளைத் தணலில் புகைய விட்டு, நீண்ட பாட்டொன்றைப் பாடுகிறார். குழந்தை பிறக்கிறது.

இந்தப் பாட்டை வைத்து 1949இல் மானுடவியலர் குளோத் லெவி-ஸ்ட்ராஸ் ஒரு கட்டுரை எழுதினார். குறியீடுகளின் ஆற்றலைப் பற்றிய அந்தக் கட்டுரை சமயம், மருத்துவம், உளவியல் என்று எல்லாத் துறைகளிலும் இன்றுவரை எடுத்தாளப்படுகிறது. அவருடைய வாதம் அழகானது. அர்த்தமில்லாத வலிக்குப் பாட்டு ஒரு கதையைத் தருகிறது. அந்தக் கதையைப் பெண் தனக்குள் வாழ்ந்து பார்க்கிறாள், உடம்பு வழிவிடுகிறது. உளப்பகுப்பாய்வில் நோயாளி பேச, மருத்துவர் கேட்கிறார். இங்கே ஷாமன் பேச, நோயாளி கேட்கிறாள்.

அந்தப் பெண் யார்? எந்தத் தீவு, எந்த ஆண்டு, குழந்தை பிழைத்ததா? உலகின் ஷாமன் மருத்துவம் முழுவதற்கும் சான்றாக நிறுத்தப்பட்ட ஒருத்தியைப் பற்றி இவ்வளவாவது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். தேடல் இங்கேதான் தொடங்கியது.

கட்டுரையின் அடிக்குறிப்புகள் 1947இல் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் வெளிவந்த ஒரு நூலுக்குக் கொண்டுபோய்விட்டன. ‘மூ இகாலா’ என்ற மருத்துவப் பாட்டின் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் உரையும் அடங்கிய நூல் அது. பதிப்பித்தவர்கள் மொழியியலாளர் நில்ஸ் ஹோல்மரும் இனவரைவியலாளர் ஹென்றி வாசெனும். பாட்டு பதினெட்டுப் பக்கம், 535 பகுதிகள். லெவி-ஸ்ட்ராஸ் வேலை செய்தது இந்த அச்சுப் பக்கங்களின் மேல்தான். குனா தீவுகளில் அவர் களப்பணி செய்யவில்லை.

இந்தப் பாட்டு பதிப்பித்தவர்கள் கைக்கு எப்படி வந்தது? கியெர்மோ ஹாயா என்ற குனாக்காரர் தம் இனத்து முதியவர் ஒருவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டது இது. இந்த ஒரு செய்தியிலேயே என் கேள்விக்குப் பாதி விடை இருந்தது. பாட்டறிந்த ஒருவர் சொன்னார், எழுதத் தெரிந்த ஒருவர் எழுதினார். எந்தப் பிரசவத்தின் பக்கத்திலும் உட்கார்ந்து எடுத்த குறிப்பு அல்ல இது. ஊஞ்சலில் கிடக்கும் பெண் பாட்டின் வரிகளுக்குள் இருக்கிறாளே தவிர, வெளியே அவளுக்கு ஒரு பதிவும் இல்லை. கதை அவள் உடம்பில் என்ன செய்தது என்று விளக்கும் கோட்பாட்டுக்கு அடியில், அவள் வாய்ச்சொல் ஒன்றுகூடக் கிடையாது.

குனா பாட்டுகள் ஸ்வீடனுக்குப் போய்ச் சேர்ந்த வழியையும் பின்தொடர்ந்தேன். குனா மக்கள் மீது பனாமா அரசு கெடுபிடி செய்த காலம் ஒன்று இருந்தது. பெண்களின் மூக்கு வளையத்துக்கும் மரபு உடைக்கும் தடை வந்தது. 1925 பிப்ரவரியில் குனா மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அந்தக் கிளர்ச்சியின் தலைவர்களில் ஒருவர் உஸ்துபு தீவின் நெலே காந்துலே. இரண்டே ஆண்டில், 1927இல், கோதன்பர்க் அருங்காட்சியகத்தின் எர்லாண்ட் நோர்டன்ஷோல்ட் குனா நாட்டுக்கு வந்தார். நெலேயின் செயலாளர் ரூபன் பெரெஸ் காந்துலே 1931இல் கோதன்பர்க் சென்று ஆறு மாதம் தங்கி அவருடன் வேலை செய்தார். மறு ஆண்டே நோர்டன்ஷோல்ட் இறந்துவிட, அவர் விட்டுப்போனவற்றைத் தொகுத்து 1938இல் பெருநூலாக்கியவர் அதே வாசென். ஒடுக்குமுறையைக் கண்ட ஒரு தலைமுறை, தன் அறிவைத் தானே எழுத்தில் நிறுத்த முனைந்த காலம் அது. ஹாயாவின் பிரதியை அந்த வரிசையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

1938ஆம் ஆண்டு நூலில்தான் அடுத்த தடயம். குனா மருத்துவர்களின் பெட்டிகளில் மரப் பொம்மைகள் இருக்கும். பெயர் நூச்சு. நோர்டன்ஷோல்ட் பார்த்த பொம்மைகள் பலவற்றுக்குத் தொப்பி, மேலங்கி, எடுப்பான மூக்கு. அச்சு அசலாக வெள்ளைக்காரர் தோற்றம். வடிவம் எப்படியிருந்தாலும் கவலையில்லை, எந்த மரத்தில் செதுக்கினோம் என்பதுதான் முக்கியம் என்றார்கள் குனா மக்கள். மரத்துக்குள் இருக்கும் ஆவிதான் மருத்துவரின் துணைப் படை.

பாட்டின் கதையோடு இதைச் சேர்த்துப் பார்க்கலாம். கருவை உருவாக்கும் சக்தி மூ. அவள் கெட்டவள் அல்ல, எல்லை மீறிவிட்டாள். தாயின் உயிர்த்தன்மையை, குனா மொழியில் புர்பாவை, பிடித்து வைத்துக்கொள்கிறாள். மருத்துவரின் துணை ஆவிகள் மூவின் இருப்பிடத்துக்கு ஒருவர் பின் ஒருவராக வரிசைகட்டிப் போகின்றன. வழியில் கொடிய விலங்குகள். மாயத் தொப்பிகளைக் கொண்டு போராடி மூவை வென்று புர்பாவை மீட்கின்றன. திரும்பும்போது நான்கு நான்கு பேராக அகன்று வருகின்றன. விடைபெறும் நேரத்தில் மூ, மறுபடி எப்போது வருவாய் என்று நட்போடு கேட்கிறாள். மூவை அழிக்காமல் அவளை அவள் எல்லைக்குள் நிறுத்துவதே இங்கே வைத்தியம். மூ இல்லாவிட்டால் அடுத்த கருவும் இல்லை.

அப்படியானால் பாட்டு யாரைப் பார்த்துப் பேசுகிறது? 1970களில் குனா ஊர்களில் தங்கி ஆய்ந்த மாக் சேப்பினும், 1983இல் குனா பேச்சு வழக்குகளைப் பற்றி நூல் எழுதிய ஜோயல் ஷெர்சரும் இதற்கு விடை சொல்கிறார்கள். மருத்துவப் பாட்டுகள் தனி மொழிநடையில் அமைந்தவை. சாதாரணப் பேச்சு மட்டும் தெரிந்தவருக்கு அவை பிடிபடா. பல ஆண்டு குருவிடம் பயின்றவர்க்கே புரியும். பாட்டு நூச்சு ஆவிகளைப் பார்த்துப் பாடப்படுகிறது. ஊஞ்சலில் இருப்பவளுக்கு அது எதற்கான பாட்டு என்பது தெரியும். ஆனால் வரிவரியாகக் கதையைப் பின்தொடர்ந்து அவள் உடம்பு வழிவிட்டது என்ற விளக்கம் இந்த இடத்தில் முறிந்துபோகிறது.

இதற்குப் பிறகு பாட்டின் தொடக்கத்துக்குத் திரும்பினேன். மருத்துவச்சி தன் குடிசையிலிருந்து புறப்படுகிறாள், நடக்கிறாள், மருத்துவர் வீட்டை அடைகிறாள், என்ன வேண்டும் என்று அவர் கேட்கிறார், அவள் சொல்கிறாள். ஒவ்வொரு அசைவும் தனித்தனி வரி, திரும்பத் திரும்ப. இந்த நிதானம் நோயாளியைத் தன் நிலைமைக்குள் மெல்ல இழுப்பதற்கு என்றார் லெவி-ஸ்ட்ராஸ். இத்தாலிய மானுடவியலர் கார்லோ செவேரி இதே வரிகளில் வேறொன்றைக் கண்டார். பாடுகிறவர் தம்மையே பாடுகிறார். தாம் அழைக்கப்பட்டதையும் பாட உட்காருவதையும் சொல்லிச் சொல்லி, ஆவிகளோடு பேசத் தகுந்த ஒருவராகத் தம்மை ஆக்கிக்கொள்கிறார். சொற்கள் விளங்காவிட்டாலும் தாளமும் அடுக்கும் பெண்ணின் காதில் விழுகின்றன. அந்த ஒலிக்குள் தன் வலியை அவள் தானே இட்டு நிரப்பிக்கொள்கிறாள். கோயிலில் ஒரு சொல்லும் புரியாத மந்திரத்தைக் கேட்டு மனம் தேறி வெளியே வந்தவர்களுக்கு இது எட்டாத செய்தியல்ல.

கடைசித் தடயம், 1953இல் ஹோல்மரும் வாசெனும் வெளியிட்ட மூ இகாலாவின் சித்திர எழுத்துப் பிரதி. வீடு, ஊஞ்சல், மனித உருவம் என்று வரிசை வரிசையாகப் படங்கள். கீழே வலது மூலையில் தொடங்கி இடப்பக்கம் ஓடி, மேல் வரியில் திரும்பி வலப்பக்கம் போகும் வாசிப்பு. பாட்டைப் பயில்பவரின் நினைவுக்கு இது ஊன்றுகோல். படிப்பும் பயிற்சியும் பிரதியும் கொண்ட ஒரு கல்வி மரபு அந்தப் பக்கங்களில் தெரிகிறது. குனா மக்களும் இதில் தெளிவாகத்தான் இருக்கிறார்கள். பிறவியிலேயே காணும் சக்தி பெற்றவர் நெலே. மருந்தும் பாட்டும் கற்றுத் தேர்ந்தவர் இனாதுலேதி. ஊரையே தாக்கும் கொள்ளைநோயை விரட்டுபவர் அப்சோகேதி. இம்மூவரையும் ஷாமன் என்ற ஒரே பெயரில் அடைப்பது நம் வசதிக்காக.

நான் தேடிய பெண் கிடைக்கவில்லை. எந்த ஆவணத்திலும் அவள் இருந்ததே இல்லை. அதனால் இந்தப் பாட்டின் மதிப்பு குறையாது. அதன் மேல் கட்டப்பட்ட கோட்பாட்டின் உறுதிதான் குறைகிறது. ஷாமன் வைத்தியம் பலிப்பது நோயாளியின் நம்பிக்கையால் என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. அப்படிச் சொல்லும்போது மருத்துவச்சியின் நடை, கொக்கோப் புகை, மரம் தேர்ந்து செதுக்கிய நூச்சு, குருவிடம் கழித்த ஆண்டுகள் அத்தனையும் கணக்கிலிருந்து விழுந்துவிடுகின்றன. ஒரு சமூகம் தன்னிடமுள்ள அறிவையெல்லாம் ஒரு பெண்ணின் பக்கத்தில் கொண்டுவந்து குவிப்பதுதான் அங்கே நடக்கும் வைத்தியம். அதை ஆராய வருகிறவர்கள், பாட்டு யாரிடம் பேசுகிறது என்பதையும் அதை எழுதிவைத்தவர் யார் என்பதையும் முதலில் கேட்க வேண்டும். கியெர்மோ ஹாயாவின் பெயர் அடிக்குறிப்பிலிருந்து மேலேறி, கட்டுரையின் முதல் பத்தியிலேயே இடம்பெற வேண்டும்.