திகதி போட்ட மண்டலினும் பெயர் மட்டும் மிஞ்சின யாழும்

1923 யூலை 9. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலை கலமசூ எண்ட ஊர். அங்கே இருந்த கிப்சன் தொழிற்சாலையிலை லொயிட் லோர் எண்டவர் ஒரு மண்டலினைச் சோதிச்சுப் பார்த்து, அதுக்குள்ளே ஒட்டியிருந்த துண்டில் கையெழுத்தும் திகதியும் போட்டார். மாதிரியின் பெயர் எஃப்-5. தொடர் இலக்கம் 73987. பழைய மண்டலின்களில் ஆகப் பிரபலமானது எதுவெண்டு கேட்டால் கனபேர் இதைத்தான் சொல்லுவினம்.

மண்டலினின் தாய்வீடு இத்தாலியின் நேப்பிள்ஸ். 18ஆம் நூற்றாண்டில் அங்கே செய்தவை பானை மாதிரி வயிறு வைச்சவை. கிப்சன்காரர் அந்த வயிறை எடுத்துப்போட்டு, வயலின் மாதிரி மரத்தைச் செதுக்கினார்கள். 1922இல் வந்த எஃப்-5இன் முகப்பில் வயலினுக்கு இருக்கிறது போலவே இரண்டு நீளத் துளைகள். ஓசை நல்லாத்தான் இருந்தது. ஆனால் அது வந்த நேரம் மண்டலின் மோகம் அடங்கி, சனம் பான்ஜோவுக்குப் போயிட்டுது. 1924 முடிய லோரும் கொம்பனியை விட்டு விலகினார். அவர் கையெழுத்துப் போட்டவை சில நூறுதான். இண்டைக்கு அதை அரிய பொருள் எண்டுகினம். அந்த அருமைக்குக் காரணம் அண்டைக்கு அது விலைப்படாமல் போனது.

1940களின் நடுப்பகுதியில், மயாமியில் ஒரு சலூனில் இந்த 73987 பழைய சாமானாக விலைக்கு வைக்கப்பட்டிருந்தது. 150 டொலர் குடுத்து வாங்கினவர் கென்டக்கிக்காரரான பில் மன்றோ. புளூகிராஸ் எண்ட இசைவகையே அவரின்ரை கையில், இந்த மண்டலினோடை வளர்ந்தது. 1985இல் ஆரோ அவரின்ரை வீட்டுக்குள்ளே புகுந்து, இரும்புக் கம்பியால் அதை அடிச்சு நொறுக்கினார்கள். கிப்சன்காரர் சிராய் சிராயாகப் பொறுக்கி ஒட்டிக் குடுத்தார்கள். இப்ப அது நாஷ்வில்லில் நாட்டுப்புற இசை அருங்காட்சியகத்தில் இருக்கு.

இதே வாத்தியம் எங்கட இசைக்குள்ளே வந்தபோது நடந்தது வேறை கதை. ஆந்திராவின் பாலகொல்லுவில் 1969இல் பிறந்த உ. ஸ்ரீநிவாஸ் அப்பாவின்ரை மண்டலினை எடுத்து வாசிக்கத் தொடங்கினவர். குரு சுப்பராஜுவுக்கு மண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பெடியன் அதைக் கேட்டு வாசிப்பான். 1978இல், ஒன்பது வயதில், குடிவாடாவில் முதல் கச்சேரி.

மண்டலினுக்கு எட்டுக் கம்பி, இரண்டிரண்டாகச் சோடி. கமகத்துக்குக் கம்பியை இழுக்கவேணும். சோடியில் ரெண்டும் ஒரே அளவுக்கு இழுபடாட்டி சுருதி பிசகும். ஓசையும் டக்கெண்டு அடங்கிப்போகும். ஸ்ரீநிவாஸ் சோடிகளைக் கழற்றி ஒற்றைக் கம்பியாக்கினார், பேந்து அஞ்சாவது கம்பியும் சேர்த்தார், மின் மண்டலினில் வாசிச்சார். அப்பதான் கமகம் நிண்டது. 2014இல், 45 வயதில் அவர் போனாலும் ஒலிப்பதிவுகள் இருக்கு. அந்த வாத்தியம் எப்படி மாறிச்சுது எண்டு காதாலை கேட்டே அறியலாம்.

இனி எங்கட ஊருக்கு வருவம். யாழ் வாசிச்சுப் பரிசாக மணற்றிடலைப் பெற்ற பாணனின் கதை எங்களுக்குத் தெரியும். வாத்தியத்தின் பெயரையே பெயராக வைச்சிருக்கிற ஊர் இது. அந்த வாத்தியமோ வழக்கொழிஞ்சு போச்சு. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானமும் தமிழும் படிச்சவர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைக் கையிலை வைச்சுக்கொண்டு, நரம்புக்கும் சுரத்துக்கும் கணக்குப் போட்டுத்தான் யாழை மீட்கவேண்டி வந்தது. ‘யாழ் நூல்’ 1947இல் அரங்கேறிச்சுது. அதே ஆண்டு யூலையில் அவர் மறைந்தார்.

இந்த மூண்டு கதையையும் பக்கத்திலை வைச்சுப் பாருங்கோ. நொறுங்கின மண்டலினுக்குத் துண்டும் இலக்கமும் இருந்தது. மாற்றியமைச்ச மண்டலினுக்கு ஒலிப்பதிவு இருந்தது. யாழுக்கு மிஞ்சினது எழுத்து ஒண்டுதான். அந்த எழுத்தும் இல்லாமல் போயிருந்தால் அடிகளாராலும் ஒண்டும் செய்ய ஏலாது.

எங்கட வீட்டு வாத்தியங்களுக்கு எழுத்தும் இல்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட சனம் கையிலை கொண்டுபோகக் கூடியதைத்தான் கொண்டுபோனது. வீணையைத் தூக்கிக்கொண்டு அந்த நெரிசலில் தென்மராட்சிக்கு நடக்க ஏலுமே? தப்பினதுகள் இப்பவும் அலுமாரிக்கு மேலேயும் கட்டிலுக்குக் கீழேயும் கிடக்கு. அதுகளின்ரை கதை அம்மம்மாவின்ரை ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கு.

பழைய வயலினோ ஆர்மோனியமோ வீட்டில் இருந்தால், அதை விற்கமுதல், எறியமுதல் கேளுங்கோ. ஆர் வாங்கினது, எந்த வருசம், ஆர் வாசிச்சது, எங்கை திருத்தினது? ஒரு துண்டில் எழுதி, திகதி போட்டு, பெட்டிக்குள்ளே வையுங்கோ. லோர் செய்ததும் அவ்வளவுதான்.